முறுக்குக் கொட்டகைக்கு இடம் பார்த்த கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கூட்டுறவு பாங்கில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். சிறுதொழில்களுக்குக் கடன் கொடுக்கும் பாங்கு அது. தாராவியில் முறுக்குச் சுட்டு விற்கும் திருநெல்வேலிப் பெண்கள் சங்கம் வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக ஒரு கொட்டகை கட்ட எங்கள் மேனேஜர் முடிவுசெய்து, வரைபடத்தில் இடத்தையும் தானே குறித்துவிட்டார். அவர் குஜராத்திக்காரர். அதனால், சங்கத் தலைவி கையெழுத்துப் போட வந்த அன்று மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்.

இடத்தைச் சொன்னதுமே தலைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் பள்ளத்துலயா? மழைக்குக் கழித்தண்ணி முட்டளவு ஏறுமே! மாவு மெதக்கவா? எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டாரான்னு கேளு தாயி."

இடத்தைப் பற்றி அவர்களுக்குச் சின்னச் சந்தேகம் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். மேனேஜர் சிரித்தபடி பேனாவை நீட்டினார்.

தலைவி என் பக்கம் திரும்பினார். "நீ பாதியத்தான சொல்லுத? முழுசும் சொல்லியிருந்தா இந்த மனுசன் சிரிப்பாரா?"

"அப்படியே சொன்னா கோச்சுண்டுடுவார், அம்மா."

"கோவிக்கட்டும். கட்டுன பெறவு நாங்க அழுவுததுக்கு இது மேலு."

எனக்குக் காது சுட்டது. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மேனேஜர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி, "தண்ணீர் எப்போது ஏறும்?" என்றார்.

"இப்ப மழைக்காலந்தான? நாளைக்கு உச்சிக்கு வரச் சொல்லு. காட்டுதேன்."

மறுநாள் அடைமழை. பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் மேனேஜர் நின்றார். மேட்டிலிருந்த பெண்கள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கே கட்டலாம் என்று கேள்" என்றார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்!

பழைய ஒப்பந்தத்தை அவரே கிழித்தார். கொட்டகைக்கு இடம், அடுப்பின் உயரம், புகை போகும் திசை எல்லாம் சங்கத்தின் முடிவு, கட்டும் செலவு பாங்கின் கடன் என்று புதிதாக எழுதினோம். எங்களிடம் தமிழ் டைப்ரைட்டர் கிடையாது. தமிழ்ப் பிரதியை நானே கைப்பட எழுதினேன். தலைவி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் பள்ளம் மறுபடி குளமானது. மேட்டில் எங்கள் கொட்டகையில் எல்லா அடுப்புகளும் எரிந்தன. காட்கோபர் கடைகளுக்குக் கூடை கூடையாக முறுக்குப் போனது. பாங்கின் டைரக்டர்களை மேனேஜர் அங்கே அழைத்துவந்து, "இடம் பார்த்தது இவர்கள்தான்" என்றார். நான் அதை உரக்கத் தமிழில் சொன்னேன்.