‘இல்லை’யை மறக்காத கணினி

அரியூர் நாடு என்னும் மலைக் கிராமத்தில் ஓர் அலுவலகக் கணினியைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும் அங்கேயே தனியே குடியிருந்தேன். பூட்டிய கோப்பைத் திறக்க, கணினியின் மைய நிரலான கெர்னல் தானாகச் சாவி தேடாது. ஓர் உதவி நிரலை ஏவும். அந்த நிரல் தொலைபேசி லைன் வழியாகக் மலையடிவாரக் காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் சர்வரிடம் கேட்டுச் சாவி வாங்கி வரும்.

ஒருநாள் மழையில் லைன் போனது. நிரல் சாவி இல்லை என்று சொல்லிவிட்டது. மதியம் லைன் வந்த பிறகும் கோப்பு திறக்கவில்லை. குடைந்து பார்த்தேன். ‘இல்லை’ என்ற பதிலைக் கெர்னல் சில விநாடிகள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் ஒரு நாள் முழுக்க என்று எழுதி வைத்திருந்தேன். அதனால் அது மறுபடி கேட்கவே இல்லை.

“இன்னொரு தடவை கேட்டாத்தான் என்ன?” என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

“யாருகிட்டங்க சண்டை?” பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றார்.

குடிவந்த அன்று அவரிடம் உப்பு கேட்டேன். “இன்னிக்கு ஆகாதுங்க” என்றார். அதோடு அந்த மழைக்காலம் முழுக்க நான் யார் வீட்டுப் பக்கமும் போகவில்லை. இப்போது அவரைக் கண்டதும் என்னவோ, மனசு தாங்காமல் அன்று உப்பு தராத காரணத்தைக் கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கு வெதை போட்டமுங்க. வெதை போட்ட நாள்ல ஊட்டு உப்பு வெளிய போகக்கூடாது. மறுநாள் வருவீங்கன்னு எடுத்து வெச்சிருந்தனுங்க. நீங்கதான் அப்புறம் வரவே இல்லீங்களே.”

அவர் போனதும், ‘இல்லை’யைக் கெர்னல் நினைவில் வைக்கும் நேரத்தைச் சில விநாடிகளாகக் குறைத்தேன். அன்று மாலை என் சமையலறையில் உப்பு நிறையவே இருந்தது. ஆனாலும் ஒரு காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.