சேற்று வண்டி

தெருமுனையில் கொசு மருந்துப் புகை அடிக்கும் இயந்திரத்தின் உறுமல் கேட்டதும் சன்னல்களைச் சாத்தி, கதவடியில் ஈரத் துண்டைத் திணித்து, மகளைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன். ஓடிய பிறகுதான் கதவுகளைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார்களே என்று நினைவு வந்தது. திறக்கலாமா, வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். நான் அப்படித்தான். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் என் கணவர், "நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு இமிகிரேசனையும் தாண்டிருவேன் லா" என்பார்.

துண்டையும் மீறி உள்ளே வந்த புகையில் டீசல் வாடை இருந்தது. எனக்கு அது அப்பாவின் வண்டி வாடை. காலையில் அந்த ஃபோர் வீல் வண்டி முதல் தடவை இருமும்போது தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசல் முழுக்க இப்படித்தான் புகை மண்டும். அம்மா காயப்போட்ட துணிகளை வாரிக்கொண்டு ஓடுவார். அப்பா சிரிப்பார்.

இந்தப் புகை எங்கள் தெருவுக்கு வந்ததே அந்த வண்டியால்தான். உலு திராமில் எங்களுடையது ஓர வீடு. பக்கத்தில் கொஞ்சம் காலி நிலம். அப்பா இறப்பதற்கு முன்பே நின்றுபோன வண்டியை அங்கேதான் தள்ளி நிறுத்தியிருந்தோம். போன மாதம் மகளுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தாள். ஊசி ஏற்ற அந்தச் சின்னக் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று தாதியர் மாறி மாறித் தேடினார்கள். வீடு திரும்பிய மறுநாள் சுகாதார அலுவலர் வந்தார். நானோ பூந்தொட்டித் தட்டு முதல் அடுத்த வீட்டு நாயின் கிண்ணம் வரை கவிழ்த்து வைப்பவள். நிமிர்ந்து நின்று காட்டினேன். அவர் நேரே வண்டியின் பின்தட்டில் டார்ச் அடித்தார். "காக், ஜெந்திக்-ஜெந்திக்" என்றார். தேங்கிய தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

மகளைக் கடித்த கொசு அங்கிருந்துதான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

சுகாதார அலுவலர்கள் திரும்ப வருவதற்குள் வண்டி ஓட வேண்டும், அல்லது போக வேண்டும். வண்டி அம்மா பெயரில் இருந்தது. அம்மாவைக் கேட்டேன். "நீ படிச்ச பிள்ள. நீயே பாத்துச் செய்" என்றார். என்னிடம் எதையாவது ஒப்படைக்கும்போது மட்டும் நான் படித்த பிள்ளை ஆகிவிடுவேன்.

அந்த வண்டிக்கு இரண்டு தொழில் இருந்தது. வருடம் முழுக்கச் செம்பனைக் குலை ஏற்றும். திருவிழாவில் அம்மனை ஏற்றும். எங்கள் தோட்டத்துக் கோயில் செம்மண் மேட்டின் உச்சியில் இருந்தது. மழை பெய்தால் மனிதரே கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். அதனால் மரத்தேரை வண்டியின் பின்தட்டில் தூக்கி வைத்து, தகரத்தில் போட்ட நான்கு துளைகளில் போல்ட்டு முடுக்கிவிடுவார்கள். மேட்டடியில் அப்பா வண்டியை நிறுத்துவார். நான்கு சக்கரமும் பிடிக்க லீவரை மாற்றுவார். பிறகு தலையை வெளியே நீட்டி, "ம், சாமியக் கூப்பிடுங்க!" என்பார். ஊரே கத்தும். வண்டி ஏறும். அம்மன் ஒரு பக்கம் சாய்ந்து, அப்புறம் நிமிர்வாள்.

கொடியேறிய நாளிலிருந்து வண்டிக்கும் விரதம். சோப்புப் போட்டுக் கழுவி மஞ்சள் நீர் தெளித்துவிட்டால், குலை ஏற்றக் கூடாது, மீன் கருவாடு ஏறக் கூடாது, குடித்தவன் உட்காரக் கூடாது. ஒருமுறை பக்கத்து வீட்டு மாமா, உலு திராம் சந்தையிலிருந்து கோழி கொண்டுவர வண்டியைக் கேட்டார்.

"வண்டி விரதம் லா மச்சான்" என்றார் அப்பா.

"அலமாக்! நேத்து ராத்திரி நீ குடிச்சியே?"

"எனக்கு நாளையிலேர்ந்துதான். வண்டிக்கு இன்னிக்கே ஆரம்பிச்சிருச்சு."

இதைச் சொல்வதால் அந்த நாட்களுக்காக நான் ஏங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அட்டைக்கடியும், மழை வந்தால் பள்ளிக்கூடம் போக முடியாத பாதையும் யாருக்கு வேண்டும்? கம்பெனி தோட்டத்தை விற்றபோது எல்லோரையும்போல நானும் சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். ஒவ்வொரு வீட்டுக் கட்டிலையும் பானையையும் ஏற்றிக்கொண்டு அப்பாவின் வண்டிதான் போய்ப் போய் வந்தது. கடைசியாக அம்மன் சிலையும் அதில்தான் வந்தது, தாமான் குடியிருப்பில் கட்டிய புதுக் கோயிலுக்கு.

அந்த வருடத் திருவிழாக் கூட்டத்துக்கு அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நானும் கூடப் போயிருந்தேன். கோயில் தலைவர் நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இது இப்போ டவுன் கோயில். தார் ரோடு. லைட்டு போட்ட லோரிக்குச் சொல்லியாச்சு. உங்க சேத்து வண்டி வந்தா நல்லாவா இருக்கும்?" நாலு பேர் சிரித்தார்கள். அந்த நாலு பேரின் கட்டிலையும் ஏற்றி இறக்கியவர் அப்பா. அவரும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

அதன் பிறகு வண்டி குறையக் குறைய ஓடியது. சிறு தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடுகளாக மாற, ஏற்றக் குலையும் இல்லை. ஒருநாள் நின்றது. அப்பா பட்டறைக்குச் சொல்லியனுப்பவே இல்லை.

இப்போது நான் சொல்லியனுப்ப, கூலாயிலிருந்து மெக்கானிக் மணி வந்தான். பின்தட்டுத் தண்ணீரை வாரி ஊற்றித் துடைத்தபோது, "கா, இங்க பாருங்க" என்றான். தேரின் கனத்தால் தகரம் நடுவில் குழிந்திருந்தது. குழிக்குள்ளே மூலைக்கொன்றாக நான்கு வட்டங்கள். துளைகளை வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். "ஓட்ட இருந்திருந்தா தண்ணி அப்பவே வடிஞ்சிருக்கும். எந்த மடையன் அடைச்சான்?"

அம்மா சமையலறை சன்னலிலிருந்து பதில் சொன்னார். "என் வீட்டுக்காரருதான்."

மணி நாக்கைக் கடித்துக்கொண்டான். அம்மா வெளியே வந்தார். "அந்தக் கூட்டம் முடிஞ்சி மறுநாளே போயி அடைச்சிட்டு வந்தாரு. கேட்டா, உதிரிப் பழம் ஓட்ட வழியா விழுதுன்னாரு. அத்தன வருசம் விழாத பழமா?"

நான் அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு யார் மேலோ வந்த கோபம். அது அங்கேயே தண்ணீராகத் தேங்கி, என் மகள் கைக்கு ஊசியாக வந்து சேர்ந்திருக்கிறது. தலைவர் மேல் கோபப்படுவதா, அப்பா மேலா என்று தெரியவில்லை. இதிலும் எனக்கு முடிவெடுக்க வரவில்லை.

"பண்ணலாம் கா" என்றான் மணி. "இஞ்சின் செத்துடல. ஆனா பண்ணி எங்க ஓட்டப் போறீங்க? பாப்பாவ நர்சரிக்கா?" வேண்டாமென்றால் வாங்க ஆள் இருக்கிறதாம். வாரக் கடைசியில் காட்டுப் பக்கம் போய்ச் சேற்றில் வண்டி ஓட்டி விளையாடும் கும்பல். சேற்றைத் தேடிப் போகிறார்களா என்று இரண்டு தடவை கேட்டேன்.

மணி ஊரில் சொல்லியிருப்பான் போலும். அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். மகளின் கன்னத்தைத் தட்டினார். காப்பி குடித்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"அண்ணி, வண்டிய விக்கிறதா கேள்விப்பட்டேன். விக்காதீங்க. கோயிலுக்குக் குடுத்துருங்க. பெயிண்ட் அடிச்சு வாசல்ல நிறுத்துறோம். அண்ணன் பேரப் போட்டு ஒரு போர்டு. இப்போ உள்ள பிள்ளைங்களுக்கு நம்ம வரலாறு தெரியணுமில்ல?"

எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது உண்மை. அப்பா பெயர் கோயில் வாசலில். கொடுத்துவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அம்மா காப்பிக் கோப்பையை அவர் முன்னாலிருந்து எடுத்தார்.

"வேணாம் தம்பி. அது சேத்து வண்டி. டவுன் கோயிலுக்கு நல்லாவா இருக்கும்?"

குரலை உயர்த்தவே இல்லை. தலைவர் மகளைப் பார்த்து ஏதோ சிரித்துவிட்டு, செருப்பைத் தேடினார். அவர் போனதும் அம்மா என்னிடம், "அந்தச் சேத்துக்காரங்களுக்கே சொல்லிவிடு. அவங்களாவது அழுக்காக்குவாங்க" என்றார்.

இழுத்துப்போக லோரி வந்த அன்று அம்மா மணியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். துளைகளைத் திறந்துவிடச் சொன்னார். அவனும் மறுபேச்சில்லாமல் நான்கையும் துளைத்துக் கொடுத்தான். அப்பா எடுத்து வைத்திருந்த தேர்ப் போல்ட்டுகள் நான்கும் எங்கள் சாமி அறையில் ஒரு பால் டின்னில் இருக்கின்றன. மழையே படாத இடம். இருந்தும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் டின்னைத் திறந்து பார்க்கிறேன்.

நேற்று மகளின் மறு இரத்தப் பரிசோதனை முடிந்து பழைய தோட்டத்து வழியாகக் காரை ஓட்டி வந்தேன். விற்றது சரிதானா என்று அந்த மேட்டையாவது கேட்கலாம் என்று ஓர் எண்ணம். மேடு இல்லை. அதை வெட்டி லோரி லோரியாக மண்ணள்ளிப் போய்விட்டார்கள். தட்டையான சாலை, இருபுறமும் கடைவீடுகள், நடுவே சிவப்பு விளக்கு. அப்பா வண்டியை நிறுத்தி லீவரை மாற்றும் மேட்டடி எங்கே இருந்திருக்கும் என்று பார்வையால் அளந்துகொண்டிருந்தேன். விளக்கு பச்சைக்கு மாறியிருக்க வேண்டும். பின்னாலிருந்த கார் விடாமல் ஹார்ன் அடித்தது.