கள்ளனுக்குச் சொன்ன இங்கிலிஷ்

எங்கள் வீட்டைக் கொள்ளையடிக்கத் திட்டம் போட்ட மனிதரை முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். மீசை வருகிறதா என்று நாளுக்குப் பலமுறை கண்ணாடி பார்க்கிற வயது எனக்கு. மீசை வரவில்லை. அதற்குப் பதிலாகச் சந்தேகம் வந்தது.

யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரான உரும்பிராயில் அப்போது கள்ளர் பயம். பின்வீதியில் ஒரு வீட்டில் ஓட்டைப் பிரித்து இறங்கி, அலுமாரியை உடைத்து நகையை எடுத்துப்போயிருந்தார்கள். கள்ளர் சும்மா வரமாட்டார்கள், முதலில் ஆள்விட்டு வீட்டை நோட்டம் பார்ப்பார்கள் என்று அம்மா சொன்னாள். தண்ணீர் கேட்டு வருவார்களாம், பழைய இரும்பு கேட்டு வருவார்களாம். இங்கிலிஷ் படிப்பிக்கிற ஆளாகவும் வருவார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க என்னைப்போல் ஒருவன் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் களவெடுக்க இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று சித்தியின் நகை. மற்றது வெங்காயம். அப்பா வெங்காயச் செய்கைக்காரர். அறுவடை முடிந்தால் கூடத்திலும் விறாந்தையிலும் பிடி பிடியாகக் கட்டித் தொங்கும். குனிந்துதான் நடக்கவேண்டும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் உள்ளே வந்து கொஞ்சநேரத்தில் கண்ணைத் துடைப்பார்கள். சாவீட்டுக்கு வந்ததுபோல இருக்கும். எங்களுக்கு அது பழக்கம். அந்த வீட்டில் ஒருவர் கண் சிவந்து நின்றால் ஏனென்று யாரும் கேட்பதில்லை.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற திருநெல்வேலியில் கம்பஸ் என்கிற பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு எங்களோடு இருந்தாள். கனடாவில் இருந்த பெரிய மாமா அங்கேயே அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். சாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு. சித்தி 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். கொழும்புக்குப் போய் இங்கிலிஷ் சோதனை எழுதி, கடுதாசி வேலைகளை முடித்து, விமானம் ஏறிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மாமா போனில் வைபர் அழைப்பில் வந்து அந்தச் சொல்லைக் கேட்பார். சித்தி யோசிக்கிறேன் என்பாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று மாமா அம்மாவைப் பிடித்துக் கத்துவார். இரண்டு கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்ப்பார்கள் என்பது கடைசியாக வந்த செய்தி.

ஊரிலேயே இங்கிலிஷ் ரியூசன் இருக்க, திருநெல்வேலியில் இன்ன இடத்தில்தான் நான் படிக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்று என்னைச் சேர்த்துவிட்டதும் சித்திதான். அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. சந்தேகப்படவேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் சந்தேகப்படுவது என் தனித்திறமை. இப்போதும் அது குறையவில்லை. என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

ரியூசன் தகரக்கூரை போட்ட ஒரு கொட்டில். அங்கே படிப்பித்த சேர் தென்மராட்சிப் பக்கத்து ஆள். கம்பஸ் முடித்து, அரசாங்க வேலைக்குக் காத்துக்கொண்டு, பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மெலிந்த மனிதர். போடுகிற சேட்டு எல்லாவற்றிலும் சோக்குத்தூள்.

அன்றைக்கு அவர் கரும்பலகையில் இரண்டு வசனங்கள் எழுதினார். ஐ ஹாவ் ஈட்டன். ஐ ஹாவ் பீன் ஈட்டிங். ஒன்று பிரசன்ற் பெர்ஃபெக்ற், மற்றது அதன் கன்ரினியுவஸ். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். இரண்டாவது நீளம் என்று நான் சொன்னேன். பெண்பிள்ளைகள் பக்கம் சிரித்தார்கள், அதற்காகத்தான் சொன்னதும்.

"சோத்துக்கோப்பை வெறுமையாக் கிடந்தால் முதலாவது," என்றார் சேர். "காரியம் முடிஞ்சுது, பலன் கண்ணுக்கு முன்னாலை கிடக்கு. வாயிலை குழம்பு பூசியிருந்தால் ரெண்டாவது. இவ்வளவு நேரமும் என்ன நடந்துகொண்டிருந்தது எண்டதுதான் அதிலை கதை. முடிஞ்சுதோ இல்லையோ எண்டதைப் பற்றிக் கவலையில்லை."

பிறகு வீட்டுவேலை தந்தார். வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கவனித்து, கண்ணில் பட்ட அடையாளத்தை வைத்து, எந்த வசனம் பொருந்தும் என்று யோசித்து, மறுநாள் எழுந்து நின்று சொல்லவேண்டும்.

எனக்கு இதைவிடப் பிடித்த வேலை உலகத்தில் இல்லை. அன்று பின்னேரம் முழுவதும் துப்பறிந்தேன். அப்பாவின் காலில் முழங்கால்வரை சிவப்புச் சேறு: இவ்வளவு நேரமும் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றி விட்டுக்கொண்டிருந்திருக்கிறார், கன்ரினியுவஸ். அம்மாவின் முன்னால் துருவிய தேங்காய் குவிந்து கிடந்தது: காரியம் முடிந்தது, வெறும் பெர்ஃபெக்ற். சித்தி அறையிலிருந்து வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன.

மறுநாள் எழுந்து நின்று அப்பாவையும் அம்மாவையும் சொல்லி முடித்து, மை ஆன்ட் ஹாஸ் பீன் கட்டிங் அனியன்ஸ் என்றேன். சேர் சோக்கைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"வெங்காயம் வெட்டினதை நீ கண்டனியோ?"

"இல்லைச் சேர். கண் சிவந்திருந்தது."

"அப்ப வெங்காயம்தான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"எங்கடை வீட்டிலை வேறை என்னத்துக்குச் சேர் கண் சிவக்கும்?"

வகுப்புச் சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கு அடுத்த பாடத்தில் வீட்டுவேலை கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் சித்தியைப் பற்றி இன்னும் சில வசனம் கொண்டுவரச் சொன்னார்.

அங்கேதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. வகுப்பில் எத்தனையோ பேருக்குச் சித்தி இருந்தார்கள். பெரியம்மா இருந்தார்கள். ஏன் எங்கள் சித்தி மட்டும்? அடுத்தடுத்த நாட்களில் சேர் கேட்ட கேள்விகளை நான் மனதுக்குள் அடுக்கினேன். பின்னேரங்களில் வீட்டில் யார் யார் நிற்பார்கள்? அப்பா சந்தைக்குப் போனால் எத்தனை மணிக்குத் திரும்புவார்? சித்தி வெளியே போகிறவளா? எல்லாம் இங்கிலிஷில், எல்லாம் பாடம் என்ற பெயரில். தண்ணீர் கேட்டு வருகிற கள்ளன் இவருக்குப் பக்கத்தில் நிற்கமுடியாது.

ஒருநாள் எல்லோரும் புத்தகம் கட்டிக்கொண்டிருக்க, என்னை மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: ஹாஸ் யுவர் ஆன்ட் டிசைடட்?

நான் நினைத்துப் பார்த்தேன். சித்தி முடிவு எடுக்கவில்லை, யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நோ சேர், ஷீ ஹாஸ் பீன் திங்கிங் என்றேன்.

"சரியாச் சொன்னாய்," என்றார். "இதைவிடச் சரியா ஒருத்தரும் சொல்லேலாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டு வாசல் படலையடியில் சைக்கிளை விட்டு இறங்கியபோதுதான், சித்தி கனடாவுக்குப் போகிற விஷயம் இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று உறைத்தது. நான் சொல்லவில்லை. கனடாவுக்குப் போகிற பெண்ணுக்கு வீட்டில் நகை எடுத்து வைத்திருப்பார்கள் என்பது கள்ளனுக்குத் தெரியாதா?

வீட்டுக்குள் சித்தியின் போக்கும் சரியில்லை. நான் வந்ததும் வராததுமாக ரியூசனில் என்ன நடந்தது என்று கேட்பாள். சேர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், அதற்கு அவர் என்ன சொன்னார், இருமல் மாறிவிட்டதா. கள்ளனுக்கு இருமல் என்பதை இவள் எப்படி அறிந்தாள் என்று அப்போதாவது யோசித்திருக்கலாம். பாவம், வெளியுலகம் தெரியாத பெண், என் படிப்பில் அக்கறைப்படுகிறாள் என்று இரக்கப்பட்டேன்.

அப்பாவிடம் சொல்லவும் முடியாது. அப்பா முதலில் அடித்துவிட்டுத்தான் விசாரிப்பார். ஆகவே கள்ளனை நானே தனியாக மடக்குவது என்று முடிவெடுத்தேன், அவர் படிப்பித்த இங்கிலிஷை வைத்தே. நடந்துகொண்டிருக்கிற விஷயம் என்றால்தானே கள்ளன் காத்திருப்பான்? எல்லாம் முடிந்துவிட்டது, இனி எடுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தால் வேறு வீடு பார்த்துப் போய்விடுவான்.

அடுத்த வகுப்பில் எழுந்து நின்று, கன்ரினியுவஸ் கலக்காத சுத்தமான பெர்ஃபெக்ற்றில் விட்டேன். மை ஆன்ட் ஹாஸ் செட் யெஸ். ஷீ ஹாஸ் டேக்கன் ஓல் ஹெர் ஜுவல்ஸ். ஷீ ஹாஸ் கோன் டு கொலம்போ.

ஓமென்று சொல்லிவிட்டாள், நகையெல்லாம் எடுத்துவிட்டாள், கொழும்புக்குப் போய்விட்டாள். மூன்று வசனமும் பிழையில்லாமல் வந்ததில் எனக்கே ஆச்சரியம்.

சேர் பாராட்டவில்லை. சோக்கைப் பெட்டியில் வைக்கப்போய் நிலத்தில் வைத்தார். வகுப்பு முடிந்தது என்றார். தொடங்கியே கொஞ்சநேரம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகள் சந்தோஷத்தில் கூவிக்கொண்டு ஓடினார்கள். மடக்கிவிட்டேன் என்று நானும் சைக்கிளை எடுத்தேன்.

பலாலி வீதியில் பாதித்தூரம் போயிருப்பேன். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். சேர். ஹெல்மெற் தலையில் இல்லை, முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதாகவே தெரியவில்லை. ஒரு பஸ்ஸையும் முந்திக்கொண்டு உரும்பிராய்ப் பக்கம் பறந்தார்.

அந்தக் கணத்தில்தான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. நகை போய்விட்டது என்று சொன்னேன். வெங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெங்காயம் விலையேறிக் கிடந்த நேரம் அது. இருமுகிற மனிதர், ஒரு மோட்டார் சைக்கிள். எத்தனை பிடி கட்டிக்கொண்டு போவார் என்று கணக்குப் பார்த்தபடி உயிரைக் கொடுத்து மிதித்தேன்.

வந்து பார்த்தால் சேர் கூடத்தில் கதிரையில் இருக்கிறார். வேர்த்து ஒழுகியது. எதிரே தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்த அப்பா. தலைக்கு மேலே வெங்காயம் குறையாமல் தொங்கியது. நான் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, உள்ளேயிருந்து சித்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். கொழும்புக்குப் போகாத சித்தி. சேர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

என்ன விஷயமாக வந்தீர்கள் என்று அப்பா கேட்டார்.

"மகன் இண்டைக்கு ஒரு வசனம் சொன்னவர்," என்றார் சேர். "அது சரியோ பிழையோ எண்டு பாத்துப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

"பாத்திட்டியளோ?"

"ஓம். பிழைதான்."

சித்தி கேட்காமலே சேரின் கோப்பைக்கு இன்னொரு கரண்டி சீனி போட்டாள். அப்பா அந்தக் கையைப் பார்த்தார். "ஒரு வசனத்துக்காகத் திருநெல்வேலியிலையிருந்து வந்த வாத்தியாரை நான் இண்டைக்குத்தான் காணுறன். தேத்தண்ணியைக் குடியுங்கோ தம்பி," என்றார். அப்பாவின் வெள்ளை மனதை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

அவர் போனதும் சித்தி என்னைக் குசினிக்குள் இழுத்துப்போய்க் காதைப் பிடித்தாள். வகுப்பில் என்ன சொன்னாய் என்று கேட்டாள். மூன்று வசனத்தையும் ஒப்புவித்தேன்.

"அதைக் கேட்டிட்டோ வந்தவர்?"

"ஓம். ஹெல்மெற்றும் போடாமல்."

காதை விட்டுவிட்டாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சித்தி பலகையில் குந்தியிருந்து, சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த ஞாயிறு பெரிய மாமா வந்தபோது, அம்மாவிடமிருந்து போனைத் தானே வாங்கினாள். "அண்ணை, எனக்கு உந்தச் சம்மந்தம் வேண்டாம். நல்லா யோசிச்சுப்போட்டன்," என்றாள். மாமா கத்தியது கிணற்றடிவரை கேட்டது. அம்மா தலையில் கைவைத்தாள். அப்பா வெங்காயத்தின் காய்ந்த தாளை நறுக்கிக்கொண்டிருந்தார். கள்ளன் வந்துபோன வீட்டைத் தனியே விட்டுப் போக சித்திக்கு மனமில்லை என்று எனக்கு விளங்கிற்று. பொறுப்பான பெண்.

அடுத்த கிழமை படலையடியில் ஓட்டோ வந்து நின்றது. சேர் இறங்கினார், இந்தமுறை வேட்டியில். பின்னால் ஒரு வாழைக்குலையோடு அவருடைய தாய் இறங்கினார். நான் பின்பக்கத்தால் ஓடி, தோட்டத்தில் நின்ற அப்பாவைப் பிடித்தேன்.

"அப்பா, உவர் கள்ளன். இண்டைக்குத் தாயையும் கூட்டிக்கொண்டு வந்திட்டார்."

அப்பா மண்வெட்டியை வைத்துவிட்டுக் கால் கழுவினார். "எனக்கும் அந்தச் சந்தேகம்தான்," என்றார். "நீ போய் அலுமாரியடியிலை நில். நான் முன்னாலை கவனிக்கிறன்."

அப்பா என்னை அடிக்காமல் நம்பிய முதல் நாள் அது. சித்தியின் அறையில் அலுமாரிக் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து, கையில் துடைப்பக்கட்டையோடு நின்றேன். கூடத்தில் நெடுநேரம் கதை நடந்தது. அப்பா வேலையைப் பற்றி ஏதோ கேட்டார். சேரின் தாய் ஏதோ சொன்னார். அம்மாவின் குரல் முதலில் இறுகியும் பிறகு இளகியும் கேட்டது. சிரிப்புச் சத்தமும் வந்தது. நான் ஏமாறவில்லை. அசையாமல் நின்றேன்.

ஓட்டோ போன பிறகு அலுமாரியைத் திறந்து பார்த்தேன். சங்கிலி இருந்தது, காப்பு இருந்தது, தோடு இருந்தது. விறாந்தையில் ஒரு பிடி வெங்காயம்கூடக் குறையவில்லை. கள்ளன் இரண்டுமுறை வந்தும் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றையும் கொண்டுபோக முடியவில்லை என்று அப்பாவிடம் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அப்பா சேரின் தாய் கொண்டுவந்த குலையிலிருந்து ஒரு பழத்தை முறித்து என்னிடம் தந்தார். ஆவணி வரைக்கும் பொறு என்றார்.