ராகுகாலத்துக்கு முன் ஒரு சர்வர்

நல்ல நேரம் பார்க்கிறவர்களை இந்தப் பத்தியில் எத்தனை தரம் கிண்டல் பண்ணியிருப்பேன்? போன திங்கட்கிழமை காலை, ராகுகாலம் எப்போது தொடங்குகிறது என்று கலண்டரில் தேடியது... நான்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்கு நான் பொறுப்பு. பதிவு, மருந்து, ஸ்கேன் ரிப்போர்ட் — எல்லா மென்பொருளும் ஓடுவது ஒரு பழைய அப்ளிகேஷன் சர்வரில். அதிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றும் நாள் அது. பல மாத வேலை, உள்ளுக்குள் நடுக்கம். நடுங்குகிறவனுக்குப் பஞ்சாங்கம் ஞாபகம் வராமல் இருக்குமா?

"அண்ணை, பழைய ரிப்போர்ட்டுகள் திறக்குதோ எண்டு இன்னும் பாக்கேல்லை. கொஞ்ச நேரம் தாங்கோ" என்றாள், என்னோடு வேலை செய்யும் சுதர்சினி.

"ராகுகாலம் தொடங்கப் போகுது பிள்ளை. முதல்லை மாத்துவம், பிறகு பாப்பம்."

தண்ணீர்க் குழாய் பொருத்தாத வீட்டில் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சுவோமே, அந்த மாதிரி மாற்றினோம். புதிய பதிவுகள் ஜோராக ஓடின. பழைய ரிப்போர்ட் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

அன்று கொழும்புத்துறையிலிருந்து வந்த ஒருவருக்கு ஒப்பரேஷன். பழைய இருதய ஸ்கேனைப் பார்க்காமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்றுவிட்டார் டொக்டர். நாங்கள் பழைய சர்வருக்கே திரும்பியபோது டொக்டர் போய்விட்டிருந்தார். ஒப்பரேஷன் தள்ளிப்போனது.

நோயாளியின் மனைவி திரேசம்மா என்னிடம் வந்தார்.

"மனுசன் ராத்திரியிலையிருந்து பச்சைத்தண்ணியும் குடிக்கேல்லை தம்பி. ஏன் இண்டைக்கு இல்லையாம்?"

"கம்ப்யூட்டரிலை சின்னப் பிரச்சினை அம்மா."

"மெஷின் எண்டால் உப்பிடித்தான். நீங்கள் என்ன செய்வியள், பாவம்."

தலையாட்டினேன். எல்லாம் தெரிந்த சுதர்சினி பக்கத்திலேயே நின்றாள். அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வார்டுக்குப் போனேன். திரேசம்மா முந்திக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ, இந்தத் தம்பிதான். உங்களுக்காக அண்டைக்கு அந்த மெஷினோடை எவ்வளவு கஷ்டப்பட்டவர் தெரியுமோ?"

கட்டிலில் படுத்திருந்தவர் கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை ராகுகாலம் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் முடியவில்லை.