கம்பைல் செய்யாத நிரல்

நான் இலக்கியத் திறனாய்வு பயில்பவள். சான்றில்லாமல் ஒரு வரியும் எழுதிப் பழக்கமில்லை. கீழே இருப்பது எனக்கு நடந்தது. நம்பாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு நாவலில் 'ஆனால்' என்னும் சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையின்மீதே என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நின்றது. அதை எண்ணுவதற்கு, எங்கள் பல்கலைக்கழகக் கணினியறையில் பணியாற்றிய என் அண்ணன் சி என்னும் கணினி மொழியில் சிறு நிரல் ஒன்றை எழுதித் தந்திருந்தான். அவன் விபத்தில் இறந்து அன்றோடு பதினோரு நாள். நான் அழவில்லை. எதுவும் உறைக்கவில்லை.

அன்று மாலை நான்கு மணிக்குள் எண்ணிக்கைப் பட்டியலைத் தராவிட்டால் ஓராண்டு வீண் என்று நெறியாளர் சொல்லியிருந்தார். கையால் எண்ணியபோது 413. நிரலோ 412 என்றது. நாவல் கோப்பின் கடைசிச் சொல்லான 'ஆனால்' என்பதை அது விட்டுவிடுகிறது என்று கண்டுகொண்டேன்.

3:15. கணினியறையில் நான் மட்டும். வரியைத் திருத்திச் சேமித்தேன். கறுப்புத் திரையில், நிரலை இயக்கும் கட்டளையைத் தட்டினேன்.

412.

பிறகே நினைவு வந்தது. கம்பைல் செய்யவில்லை; திருத்திய வரிகளைக் கணினி இயக்கும் நிரலாக மாற்றவில்லை. அதைச் செய்யாதவரை பழைய நிரல்தான் ஓடும். நான் எப்போதும் மறப்பது இதைத்தான். அண்ணன் திட்டுவான்: "மாவை மாத்திட்டு, பழைய ரொட்டியையே கடிக்கிறியே, மக்கு."

கையைத் தூக்கினேன்... விரல்கள் மரத்திருந்தன. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

3:17. பக்கத்து விசைப்பலகையில்... டக். டக் டக். கடைசியாக ஒரு கனத்த தட்டு.

திரும்பினேன். நாற்காலி காலி. அந்தத் திரை அணைந்திருந்தது.

மறுபடி இயக்கினேன்.

413.

நான் கம்பைல் செய்யவே இல்லை...

பட்டியலை 3:40க்குக் கொடுத்தேன். பயப்படக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள், கணினியறைப் பொறுப்பாளரிடம் கம்பைல் ஆகியிருந்த அந்த நிரல் கோப்பைப் பார்க்கச் சொன்னேன். எந்தக் கோப்பிலும், அதை உருவாக்கிய நேரமும் உருவாக்கியவரின் கணக்கு எண்ணும் பதிவாகியிருக்கும். நேரம் 3:17. எண்ணைப் பார்த்தவர் கணக்குப் பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டார்.

"இது உங்க அண்ணன் கணக்கும்மா."

அவனுடைய கடவுச்சொல் தெரிந்த யாராவது நுழைந்திருக்கலாமே என்று கேட்டேன்.

"எப்படிம்மா? அடக்கம் முடிஞ்ச மறுநாளே அந்தக் கணக்கை நான்தான் அழிச்சேன்."