தாவுஸ் நகர்த்திய சிவப்புக் கோடு

தாவுஸுக்குக் கோபம் மூக்கு நுனியில். கர்தாயா நகரத்துக்குத் தெற்கே, பாலைவனத்து எரிவாயு நிலையம் ஒன்றில் பத்தொன்பது வருடம் பொறியாளராகக் குப்பை கொட்டியவள். நான்கு வாரம் இங்கே வேலை, நான்கு வாரம் வடக்கே கபீலியா மலையில் தன் வீடு. குஸ்குஸ் ஆறியிருந்தால் சமையல்காரன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவளைக் கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை.

வாயுவை அழுத்திக் குழாய்க்குள் தள்ளும் கம்ப்ரஸரைச் செய்து கொடுத்தவர்கள் முப்பது வருடத்துக்கு முன்னால் கூடவே ஒரு வரைபடமும் கொடுத்தார்கள். அது கட்டுப்பாட்டு அறைச் சுவரில் தொங்கியது. இயந்திரத்துக்குள் எவ்வளவு வாயு பாய்கிறது, எந்த அழுத்தத்தில் என்று காட்டும் அதில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு வலப்பக்கம் ஓட்டினால் பயமில்லை. இடப்பக்கம் போனால் வாயு முன்னே போக முடியாமல் திரும்பி வந்து இயந்திரத்தையே அடிக்கும். ஆனால் அந்தக் கோடு அன்றைய வாயுவுக்குப் போட்டது. அன்று கனமான வாயு, முப்பது டிகிரி சூடு. இன்றோ வாயு இலேசாகிவிட்டது, கோடையில் ஐம்பத்தைந்து டிகிரியில் உள்ளே வருகிறது. கல்லை வீசும் கையால் பஞ்சை வீசினால் எங்கே போய் விழும்? அதே வேகத்தில் சுற்றினாலும் பழைய அழுத்தம் கிடைக்காது, எதிரே இருக்கும் குழாயோ தன் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளாது.

மே மாதம் தாவுஸ் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்குப் போட்டாள். கோடு நன்றாக வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. பத்திரம் என்று நம்பி ஓட்டிக்கொண்டிருந்த இடத்தில் பாதி பத்திரமில்லை. முறைப்படி எழுதி நிலையத் தலைவர் லக்தரிடம் கொடுத்தாள். அதை ஒப்புக்கொண்டால் கோடை முழுக்க வாயுவில் ஒரு பங்கை வெளியே அனுப்பாமல் இயந்திரத்துக்குள்ளேயே சுற்றவிட்டு உற்பத்தியைக் குறைக்க வேண்டும், தலைநகரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மனுஷன் காகிதத்தை டிராயரில் போட்டு மூடிவிட்டார். இரண்டு முறை நினைவூட்டி எழுதினாள். பதிலே இல்லை.

ஆகஸ்டில், நல்ல வெயில் நேரத்தில், இயந்திரம் திரும்பி அடித்தது. சுழலும் தண்டைப் பிடித்திருந்த தாங்கிகள் நொறுங்கின, பதினொரு நாள் நிலையம் படுத்துவிட்டது. அப்போது இயந்திரத்தை ஓட்டும் பணியில் இருந்தவன் மெனுவார், மூன்று பெண்களைப் பெற்றவன். சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்து, கோட்டுக்கு வலப்பக்கமாகத்தான் ஓட்டியிருந்தான். ஆனாலும் யாராவது பலிகடா ஆக வேண்டுமே. அவனை வேலையை விட்டு அனுப்ப விசாரணை வைத்தார்கள்.

அவனுக்காகச் சண்டை போடத்தான் தாவுஸ் போனாள். தலைநகரம் அல்ஜியர்ஸிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள் முன்னால் லக்தர் ஒரு காகிதத்தை விரித்தார். அவளுடைய காகிதம்! நம் பொறியாளரே போட்ட கணக்கு, இதன்படி மெனுவார் கோட்டுக்கு இடப்பக்கம் ஓட்டியிருக்கிறான், தவறு அவனுடையதுதான் என்று வாய் கூசாமல் சொன்னார். கணக்கு சரிதானே என்று அவளையே கேட்டார். என்ன நெஞ்சழுத்தம்!

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "கணக்கு சரிதான், லக்தர் ஐயா. மே மாசமே சரியாத்தான் இருந்துச்சு. மூணு மாசம் உங்க டிராயர்ல தூங்குன காகிதம் இது. சுவத்துல தொங்கினது பழசு. பழசைப் பார்த்து ஓட்டினவன் கழுத்துக்கு என் கணக்கையே கயிறாத் திரிக்கிறீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு?"

குரலைத் தாழ்த்தச் சொன்னார் லக்தர். முடியாது என்றாள். அதிகாரிகள் காகிதத்தை வாங்கி, மூலையில் இருந்த, லக்தர் அலுவலகத்தின் மே மாத முத்திரையைப் பார்த்தார்கள். மெனுவாரின் வேலை தப்பியது. லக்தரைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அந்தக் கடுப்போடு வெளியே வந்தாள்.

மெனுவார் நடையில் நின்றிருந்தான். நன்றி சொல்வான் என்று அவள் நினைத்தது உண்மை.

"அக்கா, மே மாசமே உங்களுக்குத் தெரியுமா?"

"மூணு தடவை எழுதினேன்ப்பா."

"மேல எழுதினீங்க. தினம் காலையில எங்க ரூமுக்கு வந்து, என் பக்கத்துல உக்காந்து காபி குடிச்சீங்க. நான் அந்தப் படத்தைப் பார்த்து ஓட்டுறதையும் பார்த்தீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

தலைவர் கையெழுத்து இல்லாமல் இயந்திரம் ஓட்டுபவர்களுக்கு எதையும் கொடுக்கக்கூடாது என்பது விதி. அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. லக்தர் சொல்லியிருக்கக்கூடிய பதில் அது. விழுங்கிக்கொண்டாள். அவனும் காத்திருக்கவில்லை.

நேரே கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். பழைய படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தன் படத்தை ஒட்டினாள். கையெழுத்து எங்கே என்று பணி மேலாளர் கேட்டார். பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினாள், மே மாதத் தேதி போட்டு. மே மாதமே போட்டிருக்க வேண்டிய கையெழுத்து அது.