வலை இழுக்கிற கை

சல்லிக் கிராமத்துக் கடற்கரையை ஒட்டிய முன்பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். பொறுமைசாலி என்று ஊரில் எனக்கொரு பெயர் உண்டு. என் வீட்டுக்காரர் அதைக் கேட்டால் சிரிப்பார். பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து சேரும்போதே பாதிப் பொறுமை தீர்ந்துவிடும். மீதியை வைத்துக்கொண்டுதான் ட, ப, ம எல்லாம்.

எழுதப் பழக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி. பிள்ளையின் பின்னால் முழந்தாளிட்டு, பிள்ளையின் கைமேல் என் கையை வைத்து, மணல் தட்டில் கோடு இழுப்பேன். நாலைந்து தரம் இழுத்தால் பிள்ளை தானாகவே இழுக்கத் தொடங்கிவிடும்.

போன தை மாதம் வந்து சேர்ந்த ஒரு சிறுமியிடம் இது பலிக்கவில்லை. நாலு வயது, வாய் ஓயாத கதைகாரி. ஆனால் என் கை பட்டதும் விரல்களை மடக்கிக் கக்கத்துக்குள் ஒளித்துவிடுவாள். தனியே எழுதச் சொன்னாலும் மாட்டாள். கெஞ்சினேன், பேரீச்சம்பழம் கொடுத்தேன், முறைத்தும் பார்த்தேன்.

கடைசியில் அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டேன். கரையில் நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுப்பவர். கதிரையைக் காட்டியும் இருக்காமல் வாசலிலேயே நின்றார்.

“என்ர பிழைதான் டீச்சர். கோயில்ல ஏடு தொடக்கேக்க நான்தான் மடியில வச்சு விரலைப் பிடிச்சனான். ‘அ’ வடிவா வரவேணுமெண்டு அரிசிக்குள்ள அழுத்திப்போட்டன். நகம் பிஞ்சு ரத்தம் வந்திட்டுது. வலை இழுக்கிற கை, பிடிச்சா விடத் தெரியாது.”

தன் உள்ளங்கையைப் பார்த்தபடி மறுபடி சொன்னார். “அண்டையில இருந்து பிள்ளை என்ர கையைப் பிடிக்கிறேல்ல. ரோட்டைக் கடக்கேக்கயும் சட்டையைத்தான் பிடிக்கிறா. நானும் படிக்கேல்ல. அவவின்ர படிப்பையும் கெடுத்துப்போட்டனோ எண்டு பயமாக் கிடக்கு.”

“அப்பிடி யோசிக்காதேங்கோ, எழுதுவா” என்று பெரிய மனிசி மாதிரிச் சொல்லி அனுப்பினேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

வழி என் கோபத்திலிருந்துதான் பிறந்தது. ஒரு நாள் கரண்ட் போய், ஃபேனும் நின்று, புழுக்கம் தாங்கமுடியவில்லை. அவள் வழக்கம்போலக் கையை ஒளித்தாள். “அப்ப நீங்களே என்ர கையைப் பிடிச்சு எழுதுங்கோவன்!” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

குத்திப் பேசியது அவளுக்கு விளங்கவில்லை. கக்கத்திலிருந்து கை வெளியே வந்தது. என் சுட்டுவிரலைப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தாள், பிறகு பக்கவாட்டில் இழுத்தாள். மணலில் கோணலாக ஒரு ட. இத்தனை நாளும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், கள்ளி!

அன்றிலிருந்து என் விரல்தான் அவளுக்குப் பென்சில். ப வந்தது, ம வந்தது. ‘அ’வின் சுழியில் மட்டும் என் விரலைப் போட்டு முறுக்கி எடுத்தாள். நொந்தது, ஆனால் நான் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு காலை பார்த்தால், என்னை விட்டுவிட்டுத் தானாகவே எழுதிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிற குசினிக்குள் போய் அழுது மூக்கைச் சீறிவிட்டு வந்தேன். அவளுடைய அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் பெற்றோரை அழைத்தோம். மற்றப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே எழுதிக் காட்ட, படமெடுக்க ஃபோன்கள் எல்லாம் மேலே எழும்பின. அவள் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு, பின்னால் நின்ற அப்பாவிடம் போனாள்.

“கீழ இருங்கோ அப்பா.”

அவர் நிலத்தில் சம்மாணம் கட்டி அமர்ந்தார். அவள் மடியில் ஏறி, கயிறு உரசிக் காய்ச்சுப்போன அவருடைய சுட்டுவிரலை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“இறுக்கப்படாது. நான்தான் எழுதுவன்.”

மனிதர் மூச்சுக்கூட விடவில்லை. மணலில் ‘அ’ மெல்லச் சுழிந்து வந்தது. அவர் நிமிர்ந்து கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். கண் நிறைந்திருந்தது.

“டீச்சர், பாருங்கோ. நான் பிடிக்கேல்ல. அவதான் என்ர கையைப் பிடிச்சிருக்கிறா.”